பண்டிகைத் தள்ளுபடி: எந்த விலையிலிருந்து கழிவு?

பெங்களூரு: தீபாவளி, கிறிஸ்துமஸ், ரமலான் என எந்தப் பண்டிகை நெருங்கினாலும் பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் மக்கள் கடைவீதிக்காக நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தமிழர்கள் பெருமளவில் வாழும் பழைய கன்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்தது இக்குடியிருப்பு. 1927-ல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டும் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டும் அருகிலேயே உள்ளன. அங்கு பேரம் பேசி விலையைக் குறைத்தவர்கள், இன்று அச்சிடப்பட்ட தள்ளுபடியை நம்பிப் பெரிய கடைகளில் வரிசையில் நிற்கின்றனர்.

இந்த மாற்றத்தின் முக்கிய நாள் 2006 ஜனவரி 26. அன்று பிக் பஜார் நிறுவனம், 'மிக மலிவான நாள்' என்ற பொருள்படும் ஹிந்திப் பெயரில் நாடு முழுவதும் தனது கடைகளில் தள்ளுபடி விற்பனை நடத்தியது. கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் சில ஊர்களில் கதவுகளை அடைக்கவும், காவல் துறையை அழைக்கவும் நேர்ந்தது. 2022-ல் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. ஆனால், விடுமுறை நாள் என்றால் தள்ளுபடி என்ற பழக்கம் நிலைத்துவிட்டது.

அதிகபட்ச விலையின் நிழல்: பொட்டலப் பொருள்களில் அனைத்து வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்ச சில்லறை விலையை அச்சிடுவது 1990-ல் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். அந்த விலையை நிர்ணயிப்பது அரசு அல்ல, உற்பத்தியாளரே. எனவே, அச்சிட்ட விலையிலிருந்து 40 சதவீதம் குறைப்பு என்று அறிவிக்கும்போது, அப்பொருள் எப்போதாவது முழு விலைக்கு விற்கப்பட்டதா என்பதை வாங்குபவரால் அறிய முடிவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, விலைக் குறைப்பை அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய குறைந்தது 30 நாள்களில் வசூலித்த மிகக் குறைந்த விலையையும் தெரிவிக்க வேண்டும். இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'வழக்கமான விலை' குறித்துப் பேசினாலும், அது எத்தனை நாள்கள் விற்ற விலை என்று வரையறுக்கவில்லை. தில்லி கவனிக்க வேண்டிய இடைவெளி இதுவே.

உள்ள உரிமைகள்: எனினும் நுகர்வோர் நிராயுதபாணிகள் அல்லர். போதிய சரக்கு இல்லாமல் மலிவு விலையை விளம்பரப்படுத்துவது இச்சட்டப்படி முறையற்ற வணிகம். இருப்பு குறைவு எனில் அதை விளம்பரத்திலேயே தெளிவாகக் கூற வேண்டும் என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூன் மாத வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

தள்ளுபடி அறிவித்துவிட்டு, குறைத்த விலைக்கு மேல் தனியே 'வாட்' வரி வசூலித்த காலணி நிறுவனத்தின் செயல் முறையற்ற வணிகமே எனத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2017 ஜனவரியில் தீர்ப்பளித்தது குறிப்பிடத்தக்கது.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற பலகையும் குறையுள்ள பொருளுக்குப் பொருந்தாது. ரசீதில் கால வரம்பு ஏதும் இல்லையெனில், 30 நாள்களுக்குள் அதைத் திரும்பப் பெற மறுப்பது சட்டவிரோதம். ரசீது தர மறுப்பதும் அவ்வாறே.

நிறுவனத்தின் தலைமையகம் மும்பையிலோ தில்லியிலோ இருந்தாலும், ரிச்சர்ட்ஸ் டவுன்வாசி பெங்களூருவில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். ரூ. 5 லட்சம் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் அளிக்கலாம். இவை அனைத்துக்கும் ஆதாரம் ரசீதே. பண்டிகை முடியும் வரையிலாவது அதைப் பத்திரப்படுத்துவது நல்லது.