மூளைத் திறனும் அளவுகோலும்

சேலம் நகரத்து அம்மாபேட்டையில் கைத்தறி நெசவையே வாழ்வாகக் கொண்ட குடும்பங்கள் பல. பள்ளிக்கூடத்தை மிதித்தறியாத நெசவாளர் ஒருவர், பாவில் ஓர் இழை அறுந்தாலும் உடனே கண்டு முடிந்துவிடுவார். அவரிடமே எழுதுகோலைக் கொடுத்து, "ஒரு வாக்கியம் எழுதுங்கள், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லுங்கள்" என்றால் திகைத்து நிற்கக்கூடும். அதனால் அவர் மூளை பழுதுற்றது எனலாமா? கூடாது. எழுத்துப் பயிற்சியின்மை வேறு. மூளை நோய் வேறு.

1861-இல் பால் புரோக்கா என்னும் பிரெஞ்சு மருத்துவர், பேச்சிழந்து இறந்த ஒருவரின் மூளையை ஆராய்ந்து, இடப்பக்கத்து முன்பகுதியில் சிதைவு இருந்ததைக் காட்டினார். மூளையின் பகுதிகளுக்குத் தனித்தனிப் பணிகள் உண்டு என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. தலைக்காயம், பக்கவாதம், வலிப்பு, மறதிநோய் ஆகியவற்றால் நினைவு, கவனம், மொழி, திட்டமிடும் ஆற்றல் என்பவற்றுள் எது குன்றியது, எது குன்றாது நிற்கிறது என்பதை வினாக்களாலும் சிறு செயல்களாலும் அறிவதே நரம்பு உளவியல் சோதனை. விரலால் விரைந்து தட்டுதல், கேட்ட சொற்களைச் சற்று நேரங்கழித்து நினைவுகூர்தல் போன்றவை அதில் அடங்கும்.

மதிப்பெண் தனித்து நின்று எதனையும் உணர்த்தாது. எட்டு வயதுச் சிறுவனின் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. முதுமையிலோ நோயின்றியே வேகம் தளரும். ஆகவே, ஒருவரை அவரையொத்த வயதும் கல்வியும் உடைய நலமுற்றோருடன் ஒப்பிடுவதே முறை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் 2004-இல் 16 முதல் 65 வயது வரையிலானோருக்கும், 5 முதல் 15 வயதுச் சிறார்க்கும் தனித்தனிச் சோதனைத் தொகுதிகளை வெளியிட்டனர். வளர்ந்தோர்க்கான அளவுகள் வயது, பால், கல்வி ஆகிய மூன்றையும் தழுவி அமைந்தவை. அரியானாவின் வல்லப்கட் சிற்றூர்களில் எழுத்தறியா முதியோர்க்கென ஒரு சோதனை இந்தி மொழியில் உருவாக்கப்பெற்று, 1995-இல் வெளிவந்தது. "கண்களை மூடுக" என்பதைப் படித்துச் செய்வதற்கு மாறாக, சோதிப்பவர் செய்வதைப் பார்த்து அவ்வாறே செய்யுமாறு அதனை மாற்றியமைத்தனர்.

அளவுகோல் பொருந்தாவிடில் தீங்கு இருபுறமும் உண்டு. நலமுள்ள முதியவர் நோயாளி எனப்படுவார். நன்கு கற்றவரோ, நோய் தொடங்கிய பின்னரும் எளிய வினாக்களுக்கு விடையளித்துத் தப்பிவிடுவார்.

மாணவர்களே, உங்கள் இல்லத்துப் பாட்டியாரைப் பிறரோடு ஒப்பிடாதீர்கள். அவருடைய சென்ற ஆண்டு நிலையோடு ஒப்பிடுங்கள். நாள்தோறும் பிழையின்றிச் செய்த சமையலிலும் சில்லறைக் கணக்கிலும் தடுமாற்றம் தோன்றினால், முதுமையென்று வாளாவிராது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.