இறுவட்டு ஓடவில்லையா?

ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயில் திருவிழாவைக் கைபேசியில் எடுத்து, இறுவட்டில் பதிந்து அம்மம்மாவிடம் கொடுக்கிறார் பேரன். கணினியில் நன்றாக ஓடியது, வீட்டு டிவிடி பிளேயரில் ஓட மறுக்கிறது. இறுவட்டை எறிந்துவிட வேண்டாம்!

குறை அநேகமாகக் கோப்பின் வடிவத்தில்தான். கைபேசி எடுப்பது பெரும்பாலும் எம்பி4. பழைய பிளேயர்களோ எம்பெக்-2 முறைக்கென்றே செய்யப்பட்டவை. கோப்பை அப்படியே நகலெடுத்தால் அவற்றுக்குப் புரியாது. 'டிவிடி வீடியோ'வாக மாற்றியே பதிய வேண்டும். சரியாகப் பதிந்த இறுவட்டைக் கணினியில் திறந்தால் 'வீடியோ_டிஎஸ்' என்ற கோப்புறை தெரியும்.

இலங்கைத் தொலைக்காட்சிக்குரியது விநாடிக்கு 25 படங்கள் ஓடும் 'பால்' (PAL) முறை, அதையே தெரிவுசெய்யுங்கள். பதியும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். முடிவில் 'ஃபைனலைஸ்' செய்ய, அதாவது பதிவை நிறைவுசெய்து மூட, மறவாதீர்கள். அதைச் செய்யாத இறுவட்டைப் பல வீட்டு பிளேயர்கள் ஏற்பதில்லை.