இரட்டைக் கருவைச் சுமக்கும் தாய் பணியை எப்போது நிறுத்துவது?

இரட்டைக் கரு என்று ஸ்கேனில் உறுதியானதும் தாய்மார்கள் எங்களிடம் கேட்கும் முதற்கேள்வி, இரு குழந்தைகளும் நலமா என்பதே. இரண்டாவது கேள்வி சற்றுப் பிந்தி வரும். உடன் வந்தவர்கள் மருந்து வாங்கச் சென்ற பிறகு, தாழ்ந்த குரலில், "நான் எதுவரைக்கும் வேலைக்குப் போகலாம்?" என்று கேட்பார்கள். அக்கேள்விக்குப் பின்னே எத்தனை கணக்குகள் உள்ளன என்பதை நாங்கள் அறிவோம். இன்றே வேலையை விட்டுவிடு என்பார் மாமியார். மாதத் தவணையை எண்ணிப் பார்ப்பார் கணவர். விடுப்பை இப்போதே செலவழித்துவிட்டால் இரு கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு பின்னால் என்ன செய்வது என்று தாய் கலங்குவார்.

அனைவருக்கும் பொருந்தும் ஒரே வாரத்தை எங்களால் குறித்துத்தர இயலாது. ஆனால் அந்த நாளை முடிவு செய்யும் முறையை விளக்க இயலும். இதனை ஒரே நாளில் எடுக்கும் முடிவாகக் கருதாமல், படிப்படியாகச் சுமையைக் குறைத்து இறுதியில் நிறுத்தும் ஒரு திட்டமாகக் கொள்ள வேண்டும். அத்திட்டம் கருவுற்ற ஐந்தாம் மாதத்திற்குள் தயாராகிவிட வேண்டும். இதுவே நாங்கள் வலியுறுத்த விரும்புவது.

இரட்டையர்க்கு நிறைமாதம் வேறு

ஒற்றைக் கருவுக்குப் பிரசவ நாள் 40 வாரங்களைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. இரட்டையரில் பாதிக்கும் மேற்பட்டோர் 37 வாரங்கள் நிறைவதற்குள் பிறந்துவிடுகின்றனர். சிக்கல் ஏதுமின்றி வளரும் இரட்டையருக்கும் 40 வாரம்வரை காத்திருப்பதில்லை. குழந்தைகளுக்குத் தனித்தனி நஞ்சுக்கொடி இருந்தால் 37 அல்லது 38 வாரங்களிலும், இருவருக்கும் ஒரே நஞ்சுக்கொடி இருந்தால் பெரும்பாலும் 36 வாரங்களை ஒட்டியும் பிரசவம் திட்டமிடப்படுகிறது. ஒரே பனிக்குடத்தில் இருவரும் வளரும் அரிய நிலையில் 32 முதல் 34 வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது.

வயிற்றின் அளவும் அவ்வாறே. இரட்டைக் கருவைச் சுமக்கும் தாயின் வயிறு ஏறத்தாழ 32 வாரங்களிலேயே, ஒற்றைக் கருவின் நிறைமாத வயிற்றுக்கு இணையாகிவிடுகிறது. முதல் பிரசவத்தின்போது ஒன்பதாம் மாதம்வரை பணிக்குச் சென்ற அனுபவத்தை வைத்து இம்முறையும் அவ்வாறே செல்லலாம் என்று எண்ணுவது ஆகையால் பொருந்தாது.

முடிவைத் தீர்மானிக்கும் மூன்று

முதலாவது, கருவின் வகை. நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பதை 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனில் தெளிவாக அறியலாம். ஒரே நஞ்சுக்கொடியாயின், ஒரு குழந்தைக்குச் செல்ல வேண்டிய ரத்தம் மற்றதற்கு மிகுதியாகச் செல்லும் அபாயம் உண்டு. அதனால் 16ஆம் வாரம் முதல் இரு வாரங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் தேவைப்படும். பணியில் இருந்துகொண்டே இத்தனை முறை வர இயலுமா என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வேலையின் தன்மை. நீண்ட நேரம் நிற்பது, பளு தூக்குவது, இரவுப் பணி, மிகுதியான பணி நேரம் ஆகியவை குறைப்பிரசவ வாய்ப்பை ஓரளவு கூட்டுகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. துணிக்கடையில் நாள் முழுவதும் நிற்பவர், கட்டட வேலையில் கல் சுமப்பவர், வார்டில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர், வகுப்பறையில் நின்று பாடம் நடத்தும் ஆசிரியை ஆகியோரின் கணக்கு வேறு. வீட்டிலிருந்தே கணினியில் பணிபுரிபவரின் கணக்கு வேறு. அலுவலகம் செல்லும் வழியும் வேலையின் ஒரு பகுதியே. நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலையாயினும், கூட்ட நெரிசலான பேருந்தில் நாள்தோறும் மூன்று மணி நேரம் நின்று செல்ல நேர்ந்தால் அதனை எளிய வேலை என்று கொள்ள முடியாது.

மூன்றாவது, தாயின் உடல்நிலை. முன்னர்க் குறைப்பிரசவம் ஆனவர்கள், கருப்பை வாய் குறுகியிருப்பதாக ஸ்கேனில் தெரிய வந்தவர்கள், உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, ரத்தசோகை உள்ளவர்கள் ஆகியோருக்கு நாள் முன்னதாகவே வரும். கர்ப்பகால உயர் ரத்த அழுத்தமும் ரத்தசோகையும் ஒற்றைக் கருவைவிட இரட்டைக் கருவில் அதிகம் காணப்படுகின்றன.

படிப்படியாகக் குறைப்பது எவ்வாறு?

சிக்கலின்றி வளரும் இரட்டைக் கருவுக்கு நாங்கள் பொதுவாகக் கூறும் அறிவுரை இது. 20ஆம் வாரத்திற்குள் பணியிடத்தில் தெரிவித்துவிடுங்கள். அப்போதிருந்தே பளு தூக்குவதையும் இரவுப் பணியையும் நிறுத்துங்கள். 24 வாரங்களுக்குப் பின் நின்று செய்யும் வேலையை அமர்ந்து செய்யும் வேலையாக மாற்றித்தரக் கேளுங்கள். இடையிடையே எழுந்து சிறிது நடக்கவும், தண்ணீர் அருந்தவும், தவறாமல் சிறுநீர் கழிக்கவும் நேரம் வேண்டும். சிறுநீரை அடக்குவதால் வரும் கிருமித்தொற்று குறைப்பிரசவ வலியைத் தூண்டக்கூடும்.

உடலுழைப்பு மிகுந்த வேலையாயின் 28ஆம் வாரத்திற்கு முன்பே நிறுத்திவிடுவது நல்லது. அமர்ந்து செய்யும் வேலையாயின் 28 முதல் 32 வாரங்களுக்குள் நிறுத்தலாம். வீட்டிலிருந்தே, விரும்பிய நேரத்தில் செய்யும் வேலையாயின் தாயும் மருத்துவரும் ஒப்பும்வரை இன்னும் சில வாரங்கள் நீட்டிக்கலாம். ஒவ்வொரு வருகையின்போதும் இத்திட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும். ரத்த அழுத்த அளவோ ஸ்கேன் அறிக்கையோ மாறினால் நாளும் மாறும்.

ஓய்வு என்பது படுக்கையன்று

பணியை நிறுத்தியதும் சில வீடுகளில் தாயைக் கட்டிலை விட்டு இறங்கவிடுவதில்லை. அன்பின் மிகுதியால் செய்வது அது. ஆயினும் முழுநேரமும் படுத்திருப்பது குறைப்பிரசவத்தைத் தடுப்பதாக ஆய்வுகளில் நிறுவப்படவில்லை. மாறாக, கால் நரம்புகளில் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது, தசைகள் வலுவிழக்கின்றன, மனம் சோர்கிறது. மருத்துவர் தனியாகக் கூறினாலன்றி, வீட்டிற்குள் நடமாடுவதும் மாலையில் சிறிது உலாவுவதும் நல்லதே.

இதற்கு நேர்மாறான வீடுகளும் உண்டு. அலுவலகத்திற்குத்தான் விடுப்பு எடுத்தாயிற்றே என்று, குடத்தில் தண்ணீர் சுமப்பதும் பத்துப் பேருக்குச் சமைப்பதும் மூத்த குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்திருப்பதும் தாயின் தலையில் விழுகின்றன. அலுவலகத்தில் நாற்காலியாவது இருந்தது என்று ஒரு தாய் எங்களிடம் வருந்திச் சொன்னதுண்டு. குடும்பத்தாரிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது ஒன்றே. பணி விடுப்பு என்பது வீட்டு வேலைக்கும் சேர்த்துத்தான். எந்த வேலையை யார் ஏற்பது என்பதை விடுப்பு தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

விடுப்புக் கணக்கு

1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டமும் 2017ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும், பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் 26 வார ஊதிய விடுப்பை வகுத்தன. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதே அளவைக் கொண்டுள்ளது. பிரசவத்திற்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாட்கள் பணிபுரிந்திருக்க வேண்டும். 26 வாரங்களில் அதிக அளவாக 8 வாரங்களையே எதிர்பார்க்கப்படும் பிரசவ நாளுக்கு முன்னர் எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ளவர்களுக்கு விடுப்பு 12 வாரங்களே. இரட்டையர் என்பதற்காக விடுப்பு இரட்டிப்பாவதில்லை.

இரட்டைக் கருத் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் இங்கேதான் உள்ளது. 40 வாரக் கணக்குப்படி 8 வாரங்களுக்கு முன் என்றால் 32ஆம் வாரத்தில் விடுப்பு தொடங்கும். 37 வாரங்களில் பிரசவமானால் முன்னதாக 5 வாரங்களே செலவாகும்; குழந்தைகளுடன் 21 வாரங்கள் எஞ்சும். பிரசவம் 36 வாரங்களில் திட்டமிடப்பட்டு, 28ஆம் வாரத்திலேயே விடுப்பு தொடங்கினால் எஞ்சுவது 18 வாரங்கள். இக்கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்த்தால், விடுப்பைச் சேமிக்க எண்ணி உடலை வருத்திக்கொள்ள நேராது. மருத்துவச் சான்றில் 40 வார நாளை மட்டும் எழுதாமல், இரட்டைக் கரு என்பதையும் பிரசவம் திட்டமிடப்படும் வாரத்தையும் குறிப்பிடுமாறு எங்களிடம் கேளுங்கள். 28ஆம் வாரத்திற்கும் முன்பே நிறுத்த வேண்டியவர்கள், சேர்த்து வைத்துள்ள ஈட்டிய விடுப்பையும் மருத்துவ விடுப்பையும் முதலில் பயன்படுத்த இயலுமா என்று பணியிடத்தில் விசாரியுங்கள்.

பலர் அறியாத வேறு பாதுகாப்புகளும் சட்டத்தில் உள்ளன. பிரசவ நாளுக்கு ஏறத்தாழ பத்து வாரங்களுக்கு முன்பிருந்து, கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தமக்குத் தர வேண்டாம் என்று கேட்கும் உரிமை தாய்க்கு உண்டு. கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ குறைப்பிரசவத்தாலோ உடல்நலம் குன்றினால், உரிய சான்றின்பேரில் ஊதியத்துடன் மேலும் ஒரு மாதம்வரை விடுப்பு பெறலாம். மகப்பேறு விடுப்பில் இருப்பதைக் காரணம் காட்டிப் பணியிலிருந்து நீக்குவது சட்டவிரோதம். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளர்களுக்கு இதே 26 வாரப் பயனை அந்நிறுவனமே வழங்குகிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர்களுக்கு, இரண்டுக்கும் குறைவான குழந்தைகள் உள்ளவராயின், 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு உண்டு.

நாட்கூலிக்குச் செல்லும் தாய்மார்களில் பலருக்கு இத்தகைய விடுப்பு கிடைப்பதில்லை என்பது உண்மை. அவர்கள் கர்ப்பத்தைத் தொடக்கத்திலேயே கிராம அல்லது நகர்ப்புறச் சுகாதார செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்திற்கு அப்பதிவு அவசியம். தொழிலாளர் நல வாரியத்தில் உறுப்பினராக உள்ளவர்கள் அங்குக் கிடைக்கும் மகப்பேறு உதவியையும் கேட்டறிய வேண்டும்.

தாய்வீட்டுப் பயணம்

வளைகாப்பு முடித்துத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு நடத்தும் குடும்பங்கள், இரட்டைக் கருவாயின் அதனை ஏழாம் மாதத்திற்கு முன்தள்ளுவது நல்லது. ஒன்பதாம் மாதத்திற்குள் குழந்தைகள் பிறந்துவிடக்கூடும். நெடும்பயணத்தை 28 வாரங்களுக்குள் முடித்துவிடுங்கள். செல்லும் ஊரில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். அனைத்து ஸ்கேன் அறிக்கைகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். பணியை நிறுத்தும் நாளை இப்பயணத்தோடு இணைத்துத் திட்டமிடுவது எளிது.

காத்திராமல் உடனே வர வேண்டிய அறிகுறிகள்

குறித்த நாள் எதுவாயினும், கீழ்க்காண்பவற்றுள் ஒன்று தோன்றினாலும் பணி நேரம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

- வயிறு விட்டு விட்டு இறுகுதல், அல்லது இடுப்புவலி குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வருதல்
- பிறப்புறுப்பிலிருந்து நீர் கசிதல், அல்லது ரத்தப்போக்கு
- விடாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல்
- குழந்தைகளின் அசைவு குறைதல்
- சில நாட்களுக்குள் வயிறு வேகமாகப் பெருத்து மூச்சுத்திணறல் ஏற்படுதல்
- உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கடும் அரிப்பு

வாகனம் இல்லையெனில் 108ஐ அழையுங்கள். குறைப்பிரசவ வலி என்று உரிய நேரத்தில் தெரிந்தால், குழந்தைகளின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசியைச் செலுத்த எங்களுக்கு அவகாசம் கிடைக்கும். அந்த ஒரு நாள் அவகாசம் குறைமாதக் குழந்தைகளுக்கு மிகப்பெரிய துணை.

இறுதியாக, ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் சில இரட்டையர் முன்னதாகவே பிறந்துவிடுகின்றனர். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அமர்ந்து, இன்னும் ஒரு வாரம் முன்னதாக வேலையை விட்டிருக்கலாமே என்று தம்மையே நொந்துகொள்ளும் தாய்மார்களை நாங்கள் காண்கிறோம். பெரும்பாலான குறைப்பிரசவங்களுக்குத் தனியொரு காரணத்தைச் சுட்ட இயலாது. தாய் சம்பாதிக்கச் சென்றது குற்றமாகாது; குடும்பத்தாரும் அவ்வாறு சொல்லாதிருக்க வேண்டுகிறோம்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, உங்கள் வேலை என்ன, எத்தனை மணி நேரம், எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், எதில் பயணம் செய்கிறீர்கள், எத்தனை நாள் விடுப்பு மீதமுள்ளது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாருங்கள். கணவரையோ வீட்டுப் பெரியவர் ஒருவரையோ உடன் அழைத்து வாருங்கள். நாளை நாம் சேர்ந்தே குறிப்போம்.