‘காலி நிலம்’னு எழுதி வச்சாங்க... உண்மையிலேயே காலியா இருந்ததா? அமெரிக்க மேற்கின் வரலாறு மாறிய கதை

கவ்பாய் தொப்பி, குதிரை, இடுப்புல துப்பாக்கி, கண்ணுக்கு எட்டுற தூரம் வரை ஆளே இல்லாத வெட்டவெளி. ‘வைல்டு வெஸ்ட்’ என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இதுதான். இந்தக் காட்சியை சினிமா மட்டும் உருவாக்கவில்லை. வரலாற்றுப் பேராசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

1893-ல் என்ன நடந்தது?

1893 ஜூலை, சிகாகோ. உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த நேரத்தில், அங்கே கூடிய வரலாற்று அறிஞர்கள் முன்பு 31 வயது பேராசிரியர் ஃபிரடெரிக் ஜாக்சன் டர்னர் ஒரு கட்டுரை வாசித்தார். அமெரிக்காவை உருவாக்கியது ஐரோப்பா இல்லை, ‘ஃபிரான்டியர்’தான் என்பது அவர் வாதம்.

ஃபிரான்டியர் என்றால் நம்ம ஊர் அர்த்தத்தில் நாட்டு எல்லை, செக்போஸ்ட் இல்லை. குடியேறிகளின் ஊர்கள் முடிந்து, காடும் புல்வெளியும் தொடங்குகிற விளிம்பு. மக்கள்தொகை கணக்கெடுப்புத் துறையின் அளவுகோல்படி, ஒரு சதுர மைலுக்கு 2 பேர்கூட இல்லாத பகுதியின் ஓரம். அங்கே இலவசமாகக் கிடைத்த நிலமும், தன் கையே தனக்குதவி என்ற வாழ்க்கையும்தான் அமெரிக்கர்களின் ஜனநாயகத்தையும் துணிச்சலையும் வளர்த்தது என்றார் டர்னர். அந்தக் கோடு இனி இல்லை என்று 1890 கணக்கெடுப்பு சொல்லிவிட்டதால், ஒரு காலகட்டமே முடிந்தது என்றும் அறிவித்தார்.

அன்றைக்குப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் சில ஆண்டுகளிலேயே அது பாடப்புத்தக வரலாறாகிவிட்டது.

விட்டுப்போனது யார்?

அந்த ‘இலவச நிலம்’ யாருடையது? பூர்வகுடி மக்களுடையது. நாம் பள்ளியில் ‘செவ்விந்தியர்’ என்று படித்தோமே, அவர்கள்தான். டர்னர் கதையில் அவர்கள் வழியில் வந்த ஒரு தடை, அவ்வளவுதான். ரயில் பாதை போட்ட சீனத் தொழிலாளர்களும், மெக்சிகோ வம்சாவளியினரும், பெண்களும் அதில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

1921-லேயே ஹெர்பர்ட் போல்டன், தெற்கிலிருந்து வந்த ஸ்பானியர்களை மறக்காதீங்க என்று எழுதினார். ஆனால் அடித்தளமே ஆடியது 1987-ல்தான். கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பாட்ரிஷியா லிமெரிக், ‘விரிவாக்கம்’ என்பதற்குப் பதில் ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லை நடுவில் வைத்தார். 1890-ல் எதுவும் முடியவில்லை, நிலம், தண்ணீர், கனிமத்துக்கான சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். குடியேறிகளுக்கு அரசு கொடுத்த நிலத்தில் பெரும்பகுதி 1890-க்குப் பிறகு பெறப்பட்டது என்பது டர்னருக்கு விழுந்த நல்ல அடி.

1991-ல் ரிச்சர்ட் வைட் இன்னொரு கோணம் காட்டினார். பெரிய ஏரிகள் பகுதியில் பிரெஞ்சுக்காரர்களும் பூர்வகுடிகளும் நீண்டகாலம் ஒருவரை ஒருவர் அடக்க முடியாமல், பேரம் பேசியே வாழ்ந்தார்கள். பின்லாந்து வரலாற்றாளர் பெக்கா ஹமலைனன் 2008-ல் ஒரு படி மேலே போனார். தெற்குப் புல்வெளிகளில் நீண்டகாலம் கோலோச்சிய பேரரசே கமாஞ்சி மக்களுடையதுதான் என்றார். பாதிக்கப்பட்டவர்கள் என்று மட்டும் பார்த்து வந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

போரா, படுகொலையா?

இதெல்லாம் புத்தகச் சண்டைதானே என்று தோன்றலாம். சாண்ட் க்ரீக் கதையைப் பாருங்க.

1864 நவம்பர் 29, கொலராடோ. செயென், அரபஹோ மக்களின் முகாம். அமைதியாக இருக்கிறோம் என்று காட்ட, தலைவர் பிளாக் கெட்டில் அமெரிக்கக் கொடியையே ஏற்றியிருந்தார். ஆனாலும் கர்னல் ஜான் சிவிங்டனின் படை சுட்டது. 230-க்கும் மேற்பட்டவர்கள் பலி. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.

சைலஸ் சோல் என்ற கேப்டன், தன் வீரர்களைச் சுட விடவில்லை. விசாரணையில் நடந்ததை அப்படியே சொன்னார். சில மாதங்களில் டென்வர் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடாளுமன்றக் குழு 1865-லேயே கடுமையாகக் கண்டித்தும் சிவிங்டனுக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை.

ஆக, உண்மை அன்றைக்கே தெரியும். ஆனாலும் 1909-ல் டென்வர் சட்டமன்றக் கட்டடம் முன்பு வைத்த நினைவுச் சின்னத்தில் சாண்ட் க்ரீக் ஒரு ‘போர்’ என்றே பொறித்தார்கள். அது படுகொலை என்று விளக்கும் பலகை அங்கே வந்தது 2002-ல். மேலே நின்ற சிப்பாய் சிலை 2020 போராட்டங்களின்போது சாய்க்கப்பட்டது.

எதிர்ப்பு இல்லையா என்றால், நிறையவே இருக்கு. 1991-ல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமைப்பு, மேற்கைப் பற்றிய பழைய ஓவியங்களை இந்தப் புதிய பார்வையில் காட்சிக்கு வைத்தபோது செனட்டர்களே கொந்தளித்தார்கள். புதியவர்கள் சோகத்தை மட்டுமே எழுதுகிறார்கள் என்ற விமர்சனத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. புது வாழ்வு தேடி வந்த ஏழை விவசாயியின் கஷ்டமும் பொய் இல்லையே.

சாண்ட் க்ரீக் நடந்தபோது கொலராடோ ஆளுநராக இருந்தவர் ஜான் எவன்ஸ். பகைமை காட்டும் பூர்வகுடிகளைப் பொதுமக்களே கொல்லலாம் என்று அறிவிப்பு வெளியிட்டவர். அந்த அறிவிப்பு சட்டப்படி ரத்து செய்யப்பட்டது 2021-ல்தான். டென்வரிலிருந்து பார்த்தால் தெரியும், 14,000 அடிக்கு மேல் உயரமுள்ள ஒரு மலைச் சிகரத்துக்கும் அவர் பெயர்தான் இருந்தது. 2023 செப்டம்பரில் அதை ‘மவுண்ட் ப்ளூ ஸ்கை’ என்று மாற்றினார்கள். அரபஹோ மக்களுக்கு ‘நீல வானத்து மக்கள்’ என்று ஒரு பெயர் உண்டு.