கழிநீரும் கடல்மீனும்

நெய்தல் நிலத்தைப் பாடஞ்சொல்லும் போதெல்லாம், "கடல் வேறு, கழி வேறு" என்று மாணாக்கருக்கு வற்புறுத்தி வந்துள்ளேன். கழிக்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மட்டக்களப்பு வாவி கண்முன்னே கிடக்கின்றது. அங்ஙனம் போதித்த யானே அவ்வேறுபாட்டை மறந்து ஓருயிரைக் கொல்லப் பார்த்தேன்.

கல்குடாப் பக்கத்துப் பவளப்பார்களில் மூழ்கி வண்ணமீன் பிடிக்கும் என் பழைய மாணவன், சென்ற ஆவணியில் ஒரு குஞ்சு மீனைக் கொணர்ந்தான். கருநீல உடலில் வட்டத்துள் வட்டமாக வெள்ளை வளையங்கள். வணிகர் இதனை ‘எம்பரர் ஏஞ்சல்’ என்பர். வளர்ந்தபின் வளையங்கள் மறைந்து, நீலத்தில் மஞ்சட் கோடுகள் நெடுக ஓடும். பண்டை மேனாட்டறிஞர் குஞ்சையும் தாயையும் வெவ்வேறு இனமென்று கருதி இரு பெயர் சூட்டிவிட்டனர். பாடபேதங்களோடு மல்லாடும் நமக்கு இஃது ஓர் ஆறுதல்!

தொட்டியை அவனே ஒரு திங்கள் முன்னதாக அமைத்து, துளை மலிந்த பாறைத்துண்டுகளை இட்டிருந்தான். மீன்கழிவிற் பிறக்கும் அமோனியா நஞ்சு. அதனை மாற்றும் நுண்ணுயிர்கள் அக்கற்களிற் குடியேற 4 முதல் 6 கிழமை செல்லுமாம். கடலிற் பஞ்சுயிர்களைக் கொறிக்கும் அம்மீன், என் வீட்டில் அரிந்த இறாலும் கடற்பாசியும் உண்டது. கிழமைதோறும் பத்திலொரு பங்கு நீரை மாற்றுக என்பது அவன் கட்டளை. கல்லடிக் கடற்கரை வரை செல்லச் சோம்பி, யான் வாவிநீரை முகந்து ஊற்றினேன். கோடையில் முகத்துவாரத்தை அடுத்த வாவிநீர் கடல்போலவே கரிக்கும். மீனுக்கும் கேடு நேரவில்லை.

கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை கொட்டிற்று. தொட்டி சற்றுக் கலங்கக் கண்டு, பாதி நீரை இறைத்து, வாவிநீரைத் துணியில் வடித்து நிரப்பினேன். மறுநாள் மீன் மூலையில் ஒதுங்கி, செவுள் படபடக்கக் கிடந்தது. இறாலைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஓடிவந்த மாணவன் அடர்த்திமானியை இட்டான். கடல்நீர்க்கு 1.025 அளவில் நிற்க வேண்டியது, 1.014இல் நின்றது.

"ஐயா, இது வாவித் தண்ணியா?"

ஆம் என்றேன். அவன் வேறொன்றும் கேட்கவில்லை. அதுவே எனக்குத் தண்டனையாயிற்று.

கடல்மீன் ஓயாது கடலைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள்வழி வெளியேற்றி வாழ்வது. புறநீரின் உப்பளவு திடீரெனச் சரிந்தால் அவ்வொழுங்கு குலையும். பாறையில் வாழும் சிற்றுயிர்களும் மடிந்து நீரை நஞ்சாக்கும். ஆயினும் உப்பை ஒரே நாளில் ஏற்றுதலும் ஆகாது. கல்லடியிலிருந்து கலங்களிற் கடல்நீர் சுமந்து, நாடோறும் சிறிது சிறிதாக மாற்றினோம். ஒன்பதாம் நாள் இறாலைக் கவ்விற்று. இக்கிழவனும் அன்றுதான் வயிறார உண்டேன்.

இம்மீன் முதிர்ந்தால் 40 சென்ரிமீற்றர் வரை நீளும். என் தொட்டியின் நீளமோ 90. வைகாசியிற் கடல் அடங்கியதும், பிடித்த பாரிலேயே விட்டுவிடலாம் என்கின்றான் மாணவன். யான் இன்னும் விடை கூறவில்லை.