திறமூலத் திட்டங்களின் ஆள்களப் பெயர், வழங்கி மேலாண்மை

திறமூலத் திட்டங்களின் ஆள்களப் பெயர், வழங்கி மேலாண்மை என்பது ஒரு திறமூல மென்பொருள் திட்டம் தன் இணைய முகவரியைப் பதிவு செய்தல், காலத்தில் புதுப்பித்தல், வலைத்தளத்தையும் பதிவிறக்கக் கோப்புகளையும் வழங்கிகளில் வைத்துப் பராமரித்தல், இவற்றுக்கான கடவுச்சொற்கள் யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தல் ஆகிய பணிகளைக் குறிக்கும்.

திறமூல மென்பொருளின் மூலநிரலை எவரும் படியெடுக்கலாம். கருத்து வேறுபாடு வந்தால் அதைக் கொண்டு தனித் திட்டம் தொடங்கலாம். உரிமம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் ஆள்களப் பெயரைப் படியெடுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒருவர் பெயரில்தான் அது பதிவாகியிருக்கும். பயனர்கள் மென்பொருளைத் தேடி வருவதும் பழைய பதிப்புகள் இற்றைப்படுத்தலுக்குத் தொடர்பு கொள்வதும் அந்த முகவரியையே. இதனால் நிரலை எழுதியவர்கள் பலராக இருந்தாலும், முகவரியை வைத்திருப்பவரின் கையிலேயே திட்டத்தின் மீதான நம்பிக்கை தங்கியிருக்கிறது.

ஆள்களப் பெயரின் அமைப்பு

ஆள்களப் பெயர் விலைக்கு வாங்கும் சொத்து அன்று. அது குத்தகை போன்றது. ஓராண்டு முதல் பத்தாண்டு வரை கட்டணம் செலுத்திப் பதிவு செய்து, காலம் முடியும் முன் புதுப்பிக்க வேண்டும். இதில் மூன்று தரப்புகள் உள்ளன.

பதிவகம்: ஒரு மேல்நிலை ஆள்களத்தின் முழுப் பட்டியலையும் வைத்திருக்கும் அமைப்பு. திறமூலத் திட்டங்கள் பெரிதும் விரும்பும் .ஓஆர்ஜி ஆள்களத்தை 2003 முதல் பப்ளிக் இன்டரஸ்ட் ரெஜிஸ்ட்ரி என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு நடத்தி வருகிறது.

பதிவாளர்: பொதுமக்களிடம் கட்டணம் பெற்றுப் பெயரைப் பதிவு செய்து தரும் நிறுவனம்.

பதிவுதாரர்: எவர் பெயரில் ஆள்களம் பதிவாகியுள்ளதோ அவர். திட்டத்தில் எத்தனை பேர் உழைத்தாலும், பதிவாளரின் பார்வையில் உரிமை இவருக்கே உண்டு.

இந்த மூன்றுக்கும் அப்பால், பெயரை வழங்கியின் எண் முகவரியோடு இணைக்கும் பெயர் வழங்கிகளும், வலைத்தளம் உண்மையில் இருக்கும் வழங்கியும் தனித்தனியானவை. எனவே ஒரு சிறிய திட்டத்துக்குக்கூடப் பதிவாளர் கணக்கு, பெயர் வழங்கிக் கணக்கு, வலை வழங்கிக் கணக்கு என மூன்று கணக்குகள் இருக்கக்கூடும். இவற்றுள் பதிவாளர் கணக்கே அடித்தளமானது. மற்ற இரண்டும் பறிபோனால் பதிவாளர் கணக்கைக் கொண்டு மீட்கலாம். பதிவாளர் கணக்கு பறிபோனால் மற்ற இரண்டும் பயனற்றவை.

காலாவதியும் அதன் பின்விளைவும்

புதுப்பிக்கத் தவறிய .காம், .ஓஆர்ஜி போன்ற ஆள்களங்கள் உடனே பிறர் கைக்குப் போவதில்லை. காலாவதிக்குப் பின் 45 நாட்கள் வரை பதிவாளர் அதைத் தன்னிடம் வைத்திருக்கலாம். அவர் நீக்கிவிட்டால் அடுத்த 30 நாட்கள் மீட்புக் காலம். இதில் கூடுதல் கட்டணம் செலுத்திப் பழைய பதிவுதாரரே திரும்பப் பெறலாம். அதன்பின் 5 நாட்கள் நீக்கக் காத்திருப்பு. பிறகு எவரும் பதிவு செய்யலாம். நடைமுறையில் பல பதிவாளர்கள் முதல் கட்டத்திலேயே பெயரை ஏலத்துக்கு விடுவதால், முழுக் கால அவகாசத்தையும் நம்பியிருக்க இயலாது.

இங்கே அடிக்கடி நேரும் ஒரு சிக்கல் உண்டு. பதிவாளர் கணக்குக்குக் கொடுத்த மின்னஞ்சல் முகவரி அதே ஆள்களத்தைச் சேர்ந்ததாக இருந்தால், ஆள்களம் காலாவதியானதும் மின்னஞ்சலும் நின்றுவிடும். எச்சரிக்கை மடலும், கடவுச்சொல்லை மீட்கும் மடலும் வந்து சேரா. சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது போன்ற நிலை இது.

2013 சூனில் டெபியன் திட்டம் தன் பயனர்களுக்கு விடுத்த எச்சரிக்கை இதன் விளைவைக் காட்டுகிறது. டெபியனுக்கான பல்லூடக மென்பொருள்களைத் தந்துவந்த, அலுவல்முறை சாராத ஒரு களஞ்சியம் முன்னரே வேறு பெயருக்கு மாறியிருந்தது. கைவிடப்பட்ட பழைய பெயரை அறியாத ஒருவர் பதிவு செய்துகொண்டார். ஆயினும் பல கணினிகளின் அமைப்புக் கோப்புகளில் பழைய முகவரியே இருந்தது. அக்களஞ்சியம் இனிப் பாதுகாப்பானது அன்று என்றும், அதன் வரியை உடனே நீக்க வேண்டும் என்றும் டெபியன் அறிவித்தது.

சான்றிதழின் எல்லை

உலாவியில் தோன்றும் பூட்டுக் குறி, தொடர்பு மறையாக்கம் செய்யப்பட்டது என்பதையும் எதிர்முனையில் இருப்பவர் அந்த ஆள்களத்தைக் கட்டுப்படுத்துபவர் என்பதையும் மட்டுமே காட்டும். ஆள்களத்தைக் கைப்பற்றியவர் சில நிமிடங்களில் முறையான சான்றிதழைப் பெற்றுவிடலாம். அவர் பழைய குழுவினரா, புதியவரா என்று சான்றிதழ் சொல்லாது.

இதனால்தான் பெரிய திட்டங்கள் முகவரியைச் சாராத இன்னொரு சான்றையும் வைத்திருக்கின்றன. டெபியனின் பொதிப் பட்டியல்கள் எண்ணிம ஒப்பமிடப்பட்டவை. ஒப்பத்தைச் சரிபார்க்கும் திறவுகோல் பயனரின் கணினியிலேயே முன்கூட்டி இருப்பதால், முகவரி தவறான கைக்குப் போனாலும் போலிப் பொதிகள் ஏற்கப்படமாட்டா.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

சென்ட் ஓஎஸ், 2009: லினக்சு வழங்கலான சென்ட் ஓஎசின் உருவாக்குநர்கள் 2009 சூலை இறுதியில் தம் வலைத்தளத்தின் முகப்பிலேயே ஒரு திறந்த மடலை வெளியிட்டனர். ஆள்களப் பெயரும் நன்கொடைக் கணக்கும் ஒரே நிருவாகியிடம் இருப்பதாகவும் அவரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை என்றும் அதில் கூறினர். சில நாட்களில் அவரோடு பேச்சு நடந்து, ஆள்களங்களை ஒப்படைக்க உடன்பாடு ஏற்பட்டது. எண்ணற்ற வழங்கிகளில் இயங்கிய ஒரு இயங்குதளத்தின் முகவரி தனியொருவர் பெயரில் இருந்தது என்பதைப் பயனர்களில் பலர் அப்போதுதான் அறிந்தனர்.

ஓபன் ஆபிசு, 2010: சன் மைக்ரோசிஸ்டம்சு நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபின், ஓபன் ஆபிசின் பங்களிப்பாளர்கள் பலர் 2010 செப்டம்பரில் டாக்குமென்ட் பவுண்டேசன் என்னும் அமைப்பைத் தொடங்கினர். நிரலை எடுத்துச் செல்ல உரிமம் தடையாக இல்லை. பெயரும் ஆள்களமும் ஆரக்கிளிடமே இருந்தன. பெயரை வழங்குமாறு விடுத்த வேண்டுகோள் பலிக்காமல் லிப்ரெ ஆபிசு என்ற புதுப்பெயரில் பணி தொடர்ந்தது. 2011இல் ஆரக்கிள் பழைய திட்டத்தை அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்கு அளித்தது. பழைய பெயரை மட்டும் அறிந்த பயனர்கள் பின்னரும் பல ஆண்டுகள் பழைய முகவரிக்கே சென்றுகொண்டிருந்தனர்.

பெர்ல்.காம், 2021: பெர்ல் நிரலாக்க மொழி பற்றிய கட்டுரைகளை வெளியிட்டுவந்த இத்தளத்தின் ஆள்களம் கைப்பற்றப்பட்டது 2021 சனவரி இறுதியில் தெரியவந்தது. பதிவாளர் நிறுவனத்தை ஏமாற்றிக் கணக்கு மாற்றப்பட்டது முந்தைய செப்டம்பரிலேயே நிகழ்ந்தது என்று பின்னர் கருதப்பட்டது. அதாவது, சில மாதங்கள் எவரும் கவனிக்கவில்லை. பெயர் வெவ்வேறு பதிவாளர்களுக்கு மாற்றப்பட்டு, 1,90,000 டாலர் விலையில் விற்பனைக்கு வைக்கப்பட்டது. பிப்ரவரித் தொடக்கத்தில் பெயர் மீட்கப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் கட்டுரைகள் பெர்ல்.ஓஆர்ஜியின் துணை முகவரி ஒன்றில் கிடைத்தன. உள்ளடக்கத்துக்கு வேறிடத்தில் நகல் இருந்ததே அதற்குக் காரணம்.

கிட்டீ, 2022: தன்னார்வலர்கள் வளர்த்த இம்மென்பொருளின் ஆள்களமும் வணிகக்குறியும் ஒரு வணிக நிறுவனத்துக்கு மாற்றப்பட்டதாக 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. முன்கூட்டிக் கலந்து பேசவில்லை எனக் கருதிய பங்களிப்பாளர்கள் பிரிந்து, அவ்வாண்டு டிசம்பரில் போர்ஜெயோ என்ற திட்டத்தைத் தொடங்கினர். அதன் ஆள்களங்கள் கோட்பெர்க் என்ற செருமானிய இலாப நோக்கற்ற சங்கத்தின் பெயரில் உள்ளன.

பாலிபில், 2024: பழைய உலாவிகளிலும் புதிய வசதிகள் இயங்க உதவும் இந்த சாவாசிகிரிப்டு நிரலைப் பல வலைத்தளங்கள் ஒரே முகவரியிலிருந்து நேரடியாக அழைத்துவந்தன. 2024 பிப்ரவரியில் அந்த ஆள்களம் விற்கப்பட்டது. சூன் மாதத்தில், அங்கிருந்து வரும் நிரல் கைபேசிப் பயனர்களைச் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்புவது கண்டறியப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் பாதிப்புக்கு உள்ளாயின. பதிவாளர் நிறுவனம் ஆள்களத்தை முடக்கிய பின்னரே நிலைமை கட்டுக்குள் வந்தது.

வழங்கிகள்

திறமூலத் திட்டங்கள் வழங்கிக்கான இடத்தை நான்கு வழிகளில் பெறுகின்றன: நன்கொடைப் பணத்தில் வாடகைக்கு எடுத்தல், நிறுவனங்களின் புரவலுதவி, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் திறமூல ஆய்வகம் போன்ற கல்வி நிறுவனங்களின் உதவி, கிட்ஹப் போன்ற இலவசச் சேவைகள். பெரிய கோப்புகளைத் தரும் திட்டங்கள் பல நாடுகளில் உள்ள நகல் தளங்களையும் பயன்படுத்துகின்றன.

இலவச இடம் நிலையானது என்று கொள்ள முடியாது. கூகுள் கோடு சேவை 2016 சனவரியில் மூடப்பட்டது. 2015இல் சோர்சுபோர்சு தளத்தில் இருந்த கிம்ப் மென்பொருளின் விண்டோசு நிறுவியுடன் விளம்பர மென்பொருள்கள் சேர்க்கப்பட்டது பெரும் எதிர்ப்பை எழுப்பியது; மறு ஆண்டு உரிமையாளர் மாறியதும் அந்நடைமுறை கைவிடப்பட்டது. திறமூலத் திட்டங்களுக்கென்றே இலவச வழங்கி அளித்த பாசுஹோசுட்டு என்னும் தன்னார்வ அமைப்பு 2022 டிசம்பரில் சேவையைத் தொடர இயலாது என அறிவித்து, காப்புநகல் எடுத்துக்கொண்டு வேறிடம் செல்லுமாறு பயனர்களைக் கேட்டுக்கொண்டது.

இத்தகைய வேளைகளில் சொந்த ஆள்களப் பெயர் உள்ள திட்டம், பெயரைப் புதிய வழங்கிக்குத் திருப்பிவிட்டுப் பணியைத் தொடரலாம். சேவை நிறுவனத்தின் துணை முகவரியை மட்டும் நம்பியிருந்த திட்டம், ஒவ்வொரு பயனருக்கும் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

வழங்கிக்குள் அத்துமீறல் நிகழ்வதும் உண்டு. லினக்சுக் கருவின் முதன்மைத் தளமான கெர்னல்.ஓஆர்ஜியில் 2011 ஆகத்து மாதம் ஊடுருவல் கண்டறியப்பட்டு, ஒரு மாதத்துக்கும் மேலாகத் தளம் நிறுத்தப்பட்டது. எனினும் கிட் முறையில் முழு வரலாறும் ஆயிரக்கணக்கான உருவாக்குநர்களின் கணினிகளில் இருந்ததால், நிரலை மறைவாக மாற்றுவது இயலாததாயிற்று. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்சு மின்ட் தளத்தில் நுழைந்தவர்கள் பதிவிறக்க இணைப்பை மாற்றி, திருத்தப்பட்ட வட்டுப் படிமத்தைப் பரப்பினர். கோப்பும் அதன் சரிபார்ப்புத் தொகையும் ஒரே தளத்தில் இருந்தால், ஊடுருவியவர் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிட முடியும். ஒப்பமிடப்பட்ட சரிபார்ப்புத் தொகையே பயன் தரும்.

உரிமையை அமைப்பிடம் ஒப்படைத்தல்

தனியாள் நோயுறலாம், ஆர்வம் இழக்கலாம், இறந்துபோகலாம். எனவே வளர்ந்த திட்டங்கள் பதிவுதாரராகச் சட்டப்படி பதிவான ஓர் அமைப்பை வைக்கின்றன. டெபியனின் ஆள்களமும் வணிகக்குறியும் 1997இல் நிறுவப்பட்ட சாப்ட்வேர் இன் த பப்ளிக் இன்டரஸ்ட் அமைப்பிடம் உள்ளன. சாப்ட்வேர் பிரீடம் கன்சர்வன்சி, அப்பாச்சி அறக்கட்டளை ஆகியனவும் தம் உறுப்புத் திட்டங்களுக்கு இவ்வாறு உதவுகின்றன. தனி அமைப்பு தொடங்க வசதியற்ற சிறு திட்டங்கள் இவற்றில் இணைய விண்ணப்பிக்கலாம்.

அமைப்பிடம் இருந்தாலும் மேல்நிலை ஆள்களம் மாறும் வாய்ப்பு உண்டு. .ஓஆர்ஜி பதிவகத்தை ஈதாசு கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கும் திட்டம் 2019 நவம்பரில் வெளியானது. இலாப நோக்கற்ற அமைப்புகளின் கடும் எதிர்ப்புக்குப் பின், 2020 ஏப்ரல் 30 அன்று ஐகான் அமைப்பு அதற்கு ஒப்புதல் மறுத்தது.

பரிந்துரைக்கப்படும் நடைமுறைகள்

1. பதிவுதாரர் பெயரில் திட்டத்தின் அமைப்பு இருத்தல். அது இயலாதபோது, யார் பெயரில் உள்ளது என்பதைத் திட்ட ஆவணத்தில் வெளிப்படையாக எழுதுதல்.

2. குறைந்தது இருவருக்குப் பதிவாளர் கணக்கில் அணுக்கம் இருத்தல். இருபடிச் சரிபார்ப்பும் பெயர்மாற்றப் பூட்டும் இயக்கத்தில் இருத்தல்.

3. கணக்கின் மின்னஞ்சல் வேறு ஆள்களத்தைச் சேர்ந்ததாக இருத்தல்.

4. பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் புதுப்பித்தல். தானியங்கிப் புதுப்பிப்புக்குரிய கடன் அட்டை காலாவதியாகவில்லை என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தல்.

5. பதிவாளரையும் வலை வழங்கியையும் வெவ்வேறு நிறுவனங்களில் வைத்தல்.

6. தளத்தின் உள்ளடக்கம், தரவுத்தளம், பெயர்ப் பதிவுகள் ஆகியவற்றின் காப்புநகலை வேறிடத்தில் வைத்து, அதிலிருந்து தளத்தை மீண்டும் எழுப்ப முடிகிறதா என்று சோதித்தல்.

7. வழங்கி மாற்றும்போது, பெயர்ப் பதிவின் ஆயுட்காலத்தை ஓரிரு நாட்கள் முன்பே குறைத்தல். 86,400 நொடி என்றிருந்தால் பழைய முகவரி ஒரு நாள் வரை பிற கணினிகளின் நினைவில் தங்கும். 300 நொடி என்றால் ஐந்து நிமிடமே. மின்னஞ்சலுக்கான பதிவுகளையும் மறவாமல் படியெடுத்தல். பழைய வழங்கியைச் சில நாட்கள் இயக்கத்தில் விட்டுவைத்தல்.

நிறைவுற்ற திட்டங்கள்

திட்டம் நின்றுபோனாலும் ஆள்களத்தின் பொறுப்பு உடனே முடிவதில்லை. நிறுவப்பட்ட பழைய பதிப்புகள் இற்றைப்படுத்தலுக்காக அந்த முகவரியைத் தொடர்ந்து நாடும். பிற தளங்களிலும் பாடநூல்களிலும் அச்சான இணைப்புகளும் அங்கேயே செல்லும். ஆகவே பெயரைச் சில ஆண்டுகளாவது புதுப்பித்து, திட்டம் நிறைவுற்றதையும் மாற்று மென்பொருள் எது என்பதையும் தெரிவிக்கும் ஒற்றைப் பக்கத்தை வைத்திருப்பது பொருத்தமானது. அதற்கும் இயலாதபோது, நம்பத்தகுந்த ஓர் அமைப்பிடம் பெயரை ஒப்படைத்து, அந்த மாற்றத்தைப் பயனர்களுக்கு முன்னதாக அறிவிக்கலாம்.