தனியாகப் போனால் இரட்டைக் கட்டணம்!

கணவனும் மனைவியும் கப்பலில் உல்லாசப் பிரயாணம் போகிறார்கள். இருவருக்கும் சேர்த்து ஓர் அறை. ஆளுக்கு 1,000 பவுண்டு கட்டணம். ஆக மொத்தம் 2,000 பவுண்டு.

சில ஆண்டுகள் கழிகின்றன. கணவர் காலமாகி விடுகிறார். துக்கம் சற்று ஆறிய பிறகு, "அதே கப்பலில் இன்னொரு முறை போய் வரலாம். மனதுக்கு ஆறுதலாக இருக்கும்" என்று அந்த அம்மாள் நினைக்கிறார். டிக்கெட் வாங்கப் போகிறார்.

"2,000 பவுண்டு ஆகும்" என்கிறார் குமாஸ்தா.

"நான் ஒருத்திதானே போகிறேன்?"

"ஆமாம் அம்மா. ஆனால் அறை முழுவதும் உங்களுக்குத்தானே?"

இது உதாரணத்துக்குச் சொன்ன கணக்கு. ஆனாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தனியாகப் பிரயாணம் போகிறவர்கள் இப்படிப்பட்ட பதிலைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள்!

இந்தக் கூடுதல் பணத்துக்கு "சிங்கிள் சப்ளிமெண்ட்" என்று பெயர். அதாவது, ஒண்டி ஆளுக்கு உபரிக் கட்டணம். "துணை இல்லாததற்கு அபராதம்" என்று அதைக் கொடுப்பவர்கள் அலுத்துக் கொள்கிறார்கள்.

இது நியாயமா? ஏன் வாங்குகிறார்கள்?

விலை ஆளுக்கா, அறைக்கா?

ஓட்டல்காரர் விற்பது அறையை. ஆளை அல்ல.

ஓர் அறைக்கு ஒரு நாள் வாடகை 4,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். அந்த அறையில் ஒருவர் தங்கினாலும் கூட்ட வேண்டும். இருவர் தங்கினாலும் கூட்ட வேண்டும். விளக்கு எரிய வேண்டும். காவல்காரருக்கும் சிப்பந்திக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒருவர்தான் வந்திருக்கிறார் என்பதற்காக இந்தச் செலவு பாதியாகக் குறைந்து விடாது.

சுற்றுலாக் கம்பெனி என்ன செய்கிறது? அந்த 4,000 ரூபாயை இரண்டாக வகுக்கிறது. "ஆளுக்கு 2,000 ரூபாய்தான்!" என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்கிறது. "இருவர் சேர்ந்து தங்கினால்" என்பதைச் சின்ன எழுத்தில் போடுகிறது.

தனி ஆள் வந்தால் காலிக் கட்டிலுக்கும் அவர்தான் பணம் கட்ட வேண்டும்!

ஆனால் ஒன்று. தனி ஆள் ஒரு சாப்பாடுதான் சாப்பிடுகிறார். ஒரு துண்டுதான் அழுக்காகிறது. ஒருவர் குளிக்கும் தண்ணீர்தான் செலவாகிறது. ஆகவே, கொஞ்சம் கூடுதலாக வாங்குவதில் நியாயம் உண்டு. முழுக்க முழுக்க இரண்டு மடங்கு வாங்கினால்தான் வயிறு எரிகிறது.

ஒரு ஷில்லிங்கில் தொடங்கிய கதை

"தலைக்கு இவ்வளவு" என்று கட்டணம் வாங்கிக்கொண்டு கூட்டமாக அழைத்துச் செல்லும் வழக்கம் எப்படிப் பரவியது?

1841-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி. இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் சுமார் 500 பேரை ரெயிலில் ஏற்றி, லெஸ்டர் நகரில் இருந்து லாபரோவுக்கு அழைத்துப் போனார். கட்டணம் தலைக்கு ஒரு ஷில்லிங். அதுவே பின்னால் பெரிய தொழிலாக வளர்ந்தது.

1950-ல் விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். விமானம், சாப்பாடு, தங்கும் இடம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையாக 32 பவுண்டு 10 ஷில்லிங் என்று வைத்தார். ஆட்களைக் கோர்சிகா தீவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர்கள் கூடாரத்தில் தங்கினார்கள்!

பிறகு கூடாரம் போய் ஓட்டல் வந்தது. ஓட்டல் அறைகளில் இரண்டு கட்டில் போடுவது வழக்கம் ஆயிற்று. கணவன்-மனைவி கணக்கில்தான் எல்லாம் நடந்தது. ஒண்டி ஆள் கணக்கில் வரவில்லை.

கப்பலில் ஏன் அதிகம்?

உல்லாசக் கப்பலில் இந்த உபரிக் கட்டணம் சில சமயம் ஒரு முழு டிக்கெட் அளவுக்குப் போய் விடும்.

காரணம் உண்டு. கப்பலில் அறைகள் இத்தனைதான் என்று கணக்கு இருக்கிறது. நடுக்கடலில் புதிய அறை கட்ட முடியாது! அதோடு, டிக்கெட் பணம் மட்டும் கப்பல் கம்பெனியின் வருமானம் அல்ல. பானங்கள், கடைச் சாமான்கள், கரையில் சுற்றிக் காட்டும் செலவு ஆகியவற்றிலும் லாபம் வருகிறது. அறையில் ஒருவர் குறைந்தால் அந்த வியாபாரமும் குறைகிறது.

யாருக்குக் கஷ்டம்?

காசு உள்ள வாலிபருக்கு இது பெரிய விஷயம் அல்ல. கஷ்டப்படுகிறவர்கள் வேறு சிலர்.

மனைவியை இழந்த பெரியவர். கணவரை இழந்த அம்மாள். கல்யாணம் ஆகாமல் தாய் தகப்பனைக் காப்பாற்றிய மகள். இவர்கள் வீட்டில் ஏற்கனவே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. வெளியூர் போன இடத்திலும் காலிக் கட்டிலுக்குப் பணம் கேட்டால் மனம் நோகாதா?

பணம் போவதை விட அந்த வேதனைதான் பெரிது.

ஒற்றை ஆளுக்கு ஓர் அறை

இப்போது சில கம்பெனிகள் கண் விழித்துக் கொண்டன.

2010-ல் கடலில் இறங்கிய "நார்விஜியன் எபிக்" என்ற கப்பலில், தனி ஆளுக்கென்றே 128 சின்ன அறைகள் கட்டினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 100 சதுர அடி. அந்த அறைகளில் தங்குகிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச ஒரு கூடமும் உண்டு. "குவீன் மேரி 2" என்ற பெரிய கப்பல் 2004 முதல் ஓடுகிறது. 2016-ல் அதைப் புதுப்பித்தபோது தனி ஆளுக்காக 15 அறைகளைச் சேர்த்தார்கள்.

ஜப்பானில் ஒசாகா நகரில், 1979-லேயே ஒரு வினோத ஓட்டல் திறக்கப்பட்டது. கிஷோ குரோகவா என்ற கட்டிடக் கலைஞர் அதை அமைத்தார். அங்கே அறையே கிடையாது! ஒருவர் படுக்கும் அளவுக்குப் பெட்டி போன்ற கூடு. அவ்வளவுதான். ஒருவர் படுக்கை, ஒருவர் கட்டணம்.

இடி மழையில் பிறந்த யோசனை

அறைக்கு விலை வைக்காமல் படுக்கைக்கு விலை வைத்தால் என்ன? அப்படிச் செய்வதுதான் இளைஞர் விடுதி. அந்த யோசனை ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற வாத்தியாருக்குத் தோன்றியது.

1909-ல் அவர் மாணவர்களை நடைப் பயணம் அழைத்துப் போனார். வழியில் இடியும் மழையும் பிடித்துக் கொண்டன. ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோலைப் பரப்பிப் படுத்தார்கள். வாத்தியாருக்குத் தூக்கம் வரவில்லை. "ஊருக்கு ஊர் இப்படி ஓர் இடம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!" என்று எண்ணினார்.

இன்று பல நாடுகளில் அத்தகைய விடுதிகள் உள்ளன. தனியாக வந்தாலும் ஒரு கட்டிலுக்குப் பணம் கொடுத்தால் போதும்.

நம்மவர்களுக்கும் தேவை

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலும் சுற்றுலாக் கட்டணப் பட்டியலில் "இருவர் தங்கினால் ஆளுக்கு இவ்வளவு" என்றுதான் போடுகிறார்கள். ரெயில்வேயைச் சேர்ந்த ஐ.ஆர்.சி.டி.சி. நடத்தும் சுற்றுலாக்களிலும், ஓர் அறையில் ஒருவர், இருவர், மூவர் என்று தனித் தனிக் கட்டணம் உண்டு. தனி ஆளுக்குத்தான் அதிகம்.

ஆகவே, வீட்டில் உள்ள பெரியவர் தனியாகக் காசிக்கோ சிங்கப்பூருக்கோ புறப்பட்டால், முன்பணம் கட்டும் முன் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும்:

இந்த விலை ஒருவருக்கா? இருவர் சேர்ந்து தங்கினால் வரும் விலையா?

தனி அறை என்றால் மொத்தம் எவ்வளவு?

தனியாக வரும் இன்னொருவரோடு அறையைப் பகிர்ந்து கொள்ள ஏற்பாடு உண்டா? உண்டு என்றால், ஆள் கிடைக்காத போது கூடுதல் பணம் கேட்பீர்களா?

கூட்டம் இல்லாத மாதத்தில் வந்தால் குறைப்பீர்களா?

அறை காலியாகக் கிடக்கும் காலத்தில் ஓட்டல்காரர் இறங்கி வருவார். கேட்டால் கிடைக்கும். கேட்காவிட்டால் கிடைக்காது.

கம்பெனிகளும் ஒன்று செய்யலாம். இருவர் விலையைப் போடும் அதே அளவு எழுத்தில் ஒருவர் விலையையும் போடலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

துணையோடு போவது ஒரு சுகம். துணை இல்லாதவர்களும் ஊர் பார்க்க வேண்டாமா?